பழுப்பு நிற பிளக்

வீட்டுச் சாவியை மகள் தன் தம்பியின் கையில் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்தாள். நாற்காலியைப் பார்த்தே பேசினாள்.

நாளைக்கு மின்சார ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார். சமையலறையைச் சோதித்து, தப்பு எங்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு முன்னால் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம். தானும் வருவாள். கணவனுக்கு மாற்றுத் துணி எடுக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் சொன்னது.

"ட்ரிப்பு" என்று கூப்பிடவில்லை. தம்பி சின்ன வயதில் கண்டதையும் சாக்கெட்டில் சொருகி, கரண்டை ட்ரிப் ஆக்கி வீட்டையே இருட்டாக்கியதால் அவள் வைத்த பெயர் அது. அவன் எலெக்ட்ரீஷியன் ஆனபோது விசிட்டிங் கார்டிலும் அதையே போடச் சொல்லிக் கேலி செய்தாள். ஒரு வாரமாக அவனுக்கு எந்தப் பெயரும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, போன வாரம் எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியே படுத்திருந்தார். சமையலறையில் ஒரு கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாமனார் கொடுத்த பழைய ரேடியோவின் குமிழைத் திருப்பியபோது கரண்ட் அடித்து விழுந்தவர். நின்றுபோன இதயத்தை வழியிலேயே ஓட வைத்துவிட்டார்கள். கண் மட்டும் திறக்கவில்லை. மூளைக்கு ரத்தம் போகாமல் எவ்வளவு நேரம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர். காத்திருங்கள் என்றார். எதற்காக என்று சொல்லவில்லை.

அம்மா கண்ணாடி ஓரமாகவே உட்கார்ந்துகொண்டாள். நீங்கள் மூன்று பேரும் போய்விட்டு வாருங்கள் என்று கையை அசைத்தாள். அப்பாவை அவள் நிமிர்ந்து பார்த்து நாளாகிறது. ரேடியோ என்று யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு வெள்ளை பிளக் இருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது.

அப்பாவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. செயற்கைப் பல் செய்கிறவர். பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்த்து, அதன் கறையைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செய்வார். பகல் முழுக்கப் பொய்ப்பல் செய்கிற மனிதருக்கு, வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் அசலாக இருக்க வேண்டும். பின்னறை முழுக்கப் பழைய ரேடியோக்கள். மரப்பெட்டி, பேக்கலைட் என்ற அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே கண்ணாடி வால்வுகள். உள்ளே எரிந்துபோன கன்டென்சர் மாதிரிச் சின்ன பாகத்தை மாற்றினால்கூட, புதியதைப் பழைய அட்டைக் குழாய்க்குள் ஒளித்துத்தான் வைப்பார். திறந்து பார்க்கிறவனுக்கும் புதுசு தெரியக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய ரேடியோக் கூட்டத்தில் அவருக்கு 'வால்வு' என்று பெயர். அந்தக் கூட்டத்தில் நல்லது, கெட்டது என்று இரண்டு வார்த்தை கிடையாது. அசல், அசல் இல்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்குக் கொடுத்தது டிரான்ஸ்பார்மர் இல்லாத வகை. கரண்ட் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றை, உள்ளே இருக்கும் இரும்புத் தட்டிலேயே நேராகப் பற்றவைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். தட்டுக்குப் போவது ஷாக் அடிக்காத நியூட்ரல் கம்பி என்றால் ஒன்றும் ஆகாது. ஷாக் அடிக்கிற பேஸ் கம்பி என்றால் மொத்த இரும்பும் உயிரோடு இருக்கும். குமிழுக்குள் இருக்கும் குட்டி ஸ்க்ரூ வரைக்கும்.

எது போகும் என்பது பிளக்கை எந்தப் பக்கமாகச் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்தது.

எலெக்ட்ரீஷியன் மகனுக்கு இது தெரியும். கொடுப்பதற்கு முன் அப்பாவோடு சண்டை போட்டு, எந்தப் பக்கமாகவும் போகிற பழைய டூ பின் பிளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளை த்ரீ பின் போட்டுக் கொடுத்தான். த்ரீ பின் ஒரே பக்கமாகத்தான் போகும். தட்டுக்கு நியூட்ரல் மட்டும்தான் வரும். சாக்கெட்டுக்குள் கம்பியை மாற்றி முடுக்கியிருந்தாலொழிய.

அந்தச் சமையலறை சாக்கெட்டை முடுக்கியவன் மகன்தான். பழைய வீடு. சுவருக்குள் எல்லாக் கம்பியும் ஒரே கருப்பு. அன்றைக்கு அவசரம் வேறு.

ஆகவே தான்தான் மாற்றி முடுக்கிவிட்டோம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். சாப்பாடு இறங்கவில்லை. ஒத்துக்கொண்ட வேலைகளுக்கெல்லாம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டான். அக்காவும் அதையே நம்பினாள். அவனே அவளிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அப்பாவுக்கு மட்டும் வேறொன்று தெரியும். ரேடியோவைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவதற்கு முன், மகன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், வெள்ளை பிளக்கைக் கழற்றிவிட்டுப் பழுப்பு டூ பின்னையே திரும்ப மாட்டினார். அந்தப் பழுப்பு பிளக்குக்காக அவர் எத்தனை பழைய இரும்புக் கடை ஏறி இறங்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும். வெள்ளை பிளக்கைப் பார்க்கும்போது, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ரப்பர் செருப்போடு நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சொல்ல முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்த பிளக்கு..." என்று ஆரம்பித்தார். அதைப் பற்றிப் பேசாதீர்கள் என்றான் மகன். அப்பா அந்தப் பேச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிள்ளையே வேண்டாம் என்கிறான், நாம் என்ன செய்வது என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மகனின் வேலை வேனில் முன்னால் இரண்டு சீட்டுதான். அக்காவும் தம்பியும் முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பா பின்னால் ஏணிக்கும் ஒயர்ச் சுருளுக்கும் நடுவில், பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பிள்ளைகளின் பின்கழுத்துதான் தெரிந்தது. இரண்டும் ஒரே மாதிரி.

சிக்னலில் வண்டி நின்றபோது மகன் பேசினான்.

"மாத்திப் போட்டிருந்தா நானே அந்த ஆள்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன்க்கா. லைசென்ஸையும் கொடுத்துடறேன். இனிமே இந்தத் தொழிலே வேணாம்."

"லைசென்ஸை வச்சு நான் என்ன பண்ண?"

"வேற என்ன செய்யணும்னு தெரியல."

"ஒண்ணும் செய்ய வேணாம். வண்டிய ஓட்டு. பச்சை விழுந்துடுச்சு."

அப்பா வாயைத் திறந்தார். வண்டி குலுங்கியது. ஏணி வந்து தோளில் இடித்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கணக்கு ஒன்று போட்டு வைத்திருந்தார். கேவலமான கணக்கு, அது அவருக்கே தெரிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் பழுப்பு பிளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளையை மாட்டிவிட வேண்டும். மகன் சாக்கெட்டைப் பார்ப்பான். அது சரியாக இருக்கும். அவன் வேலை பிசகாது, அது அப்பாவுக்குத் தெரியும். பிளக்கும் சரி, சாக்கெட்டும் சரி என்றால் தப்பு யார் மேலும் இல்லை. பழைய ரேடியோ, ஏதோ கசிந்திருக்கிறது என்று போய்விடும். மகன் தப்பித்துவிடுவான். தானும் தப்பித்துவிடலாம். மகன் தப்பிப்பதற்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை கொஞ்சம் நம்பும்படி இருந்தது.

வீட்டைத் திறந்ததும் புழுங்கிய வாடை அடித்தது. கரண்ட் இல்லாமல் கிடந்த பிரிட்ஜில் எல்லாம் கெட்டுப் போயிருந்தது. ஜன்னல் கம்பியில் மாப்பிள்ளையின் துண்டு இன்னும் தொங்கியது. மகள் அதை எடுத்து மடிக்கப் போனாள். மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டாள்.

அணைத்து வைத்திருந்த மெயின் ஸ்விட்ச் வெளியே மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கசிவு வந்தால் தானாகவே விழுந்துவிடுகிற ஸ்விட்ச் ஒன்று அங்கே வைக்க வேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். வீட்டு ஓனர் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று இழுத்தார். அதையும் மகன் தன் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருந்தான். விடாமல் கேட்டிருக்க வேண்டுமாம்.

"நான் மெயினைப் போடறதுக்கு முன்னாடி அந்த ரேடியோ பிளக்கைப் பிடுங்கிடுங்கப்பா. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான்.

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அப்பா நினைக்கவில்லை.

ரேடியோ அலமாரித் தட்டில் இருந்தது. விழுந்ததை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். இடது மூலையில் பேக்கலைட் விரிசல் விட்டிருந்தது. ஒரு மாதம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய மூலை. அவர் கண் முதலில் அங்கேதான் போனது. பிறகுதான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். மாப்பிள்ளை விழுந்த தரையை அதற்கும் பிறகுதான் பார்த்தார். பார்த்த வரிசை அவருக்கே தெரிந்தது.

சாக்கெட் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. கையை நீட்டித் தடவித்தான் பிளக்கைப் பிடுங்க முடிந்தது. துணி சுற்றிய ஒயரை இழுத்து, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நடு ஸ்க்ரூவைக் கழற்றினால் மூடி வந்துவிடும். அப்புறம் இரண்டு கம்பி. வெள்ளை பிளக்கில் மூன்று ஸ்க்ரூ. இதே வேலையை இதே கை முன்பு ஒரு தடவை செய்திருக்கிறது. அப்போது விசில் அடித்துக்கொண்டே செய்தது.

நடு ஸ்க்ரூ கழன்றது. மூடியைத் தூக்கினார். ஒரு கம்பியைத் தளர்த்திவிட்டு அடுத்ததைத் தளர்த்தும்போது வாசலில் நிழல் விழுந்தது.

மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் சட்டைகள். இன்னொரு கையில் அந்தத் துண்டு.

"என்ன பண்றீங்க?"

பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு பிளக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அப்பாவுக்கு வாய் வரவில்லை. அது நல்ல குணத்தால் இல்லை. பொய் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

அதற்குள் வெளியே மெயினைப் போடும் சத்தம் கேட்டது. மகன் வேகமாக உள்ளே வந்தான். இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பிரிட்ஜை இழுத்துத் தள்ளினான், டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு சாக்கெட் முன்னால் குந்தினான். டெஸ்டரை, பேஸ் இருக்க வேண்டிய வலது ஓட்டையில் வைத்தான். விளக்கு எரிந்தது. இடது ஓட்டையில் வைத்தான். எரியவில்லை. மறுபடியும் வலது. மறுபடியும் இடது. டெஸ்டர் மேலேயே சந்தேகம் வந்து, பக்கத்து அறையில் போய்ச் சோதித்துவிட்டு வந்தான். திரும்ப வைத்தான்.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான். எச்சிலைத் துடைத்துக்கொண்டான்.

"சரியாத்தான்க்கா போட்டிருக்கேன்."

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் முகம் அவனுடைய முகமாக இருந்தது. மாமா அங்கே கிடக்கும்போது தனக்கு இப்படி நிம்மதி வருகிறதே என்ற வெட்கமும் அதிலேயே இருந்தது. மகள் அவனைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்துப் பேசியவள் இப்போது அவனையே பார்த்தாள். கையில் இருந்த துண்டை அவனிடம் நீட்டினாள், முகத்தைத் துடைத்துக்கொள்ள.

அவன் வாங்கிக்கொண்டான். துடைக்கவில்லை.

"அப்போ எப்படி?" என்றான், தனக்குத் தானே. "த்ரீ பின்னு. சாக்கெட்டும் சரி. அப்போ எப்படி தட்டுக்கு பேஸ் வரும்?"

ஒயரைக் கண்ணால் தொடர்ந்துகொண்டு போனான். ரேடியோவின் முதுகிலிருந்து, அலமாரி ஓரமாக, தரை வழியாக, அப்பாவின் மடி வரைக்கும்.

அப்பாவின் ஒரு கையில் பழுப்பு பிளக் வாய் பிளந்து கிடந்தது. மறு கையில் வெள்ளை பிளக்.

மகனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நொடி போதுமாக இருந்தது. மகளுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆனது. இது என்ன, அது என்ன என்று தம்பியிடம் கேட்டாள். அவன் சொன்னான். எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த பிளக் எப்படிப் போகும், தான் எதைப் போட்டுக் கொடுத்தோம், இப்போது இருப்பது எது என்று, வாடிக்கையாளருக்கு விளக்குகிற மாதிரி ஒழுங்காகச் சொன்னான். சொல்லி முடிக்கும் வரை அப்பாவைப் பார்க்கவில்லை.

மகள் அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குப்பா மாத்தினீங்க?"

"அதுதான் அதோட பிளக்கு" என்றார் அப்பா. "அசல். வெள்ளை போட்டா பாக்க நல்லா இல்ல."

மகள் திரும்பி, இழுத்துப் போட்டிருந்த பிரிட்ஜைப் பார்த்தாள். சுவரில் இருந்த சாக்கெட்டைப் பார்த்தாள்.

"பிரிட்ஜுக்குப் பின்னாலப்பா. அங்க யாரு பாக்கப் போறாங்க?"

எனக்குத் தெரியுமே என்று சொல்லத்தான் அப்பாவுக்கு நாக்கு வந்தது. பல் செய்கிறவர்கள் நாக்குக்கு மட்டும் தெரியும் பக்கத்தையும் வழவழப்பாக்குவார்கள். அந்தப் புத்திதான். இந்த இடத்தில் அதைச் சொன்னால் மனிதனே இல்லை என்று அவருக்கே தோன்றியது. வெள்ளை பிளக்கைத் தரையில் வைத்தார்.

மகன் எழுந்தான். துண்டை மடித்து அக்கா கையிலிருந்த சட்டைகள் மேல் வைத்தான்.

"மாத்தினதை விடுங்க. புத்தி கெட்டுப் போச்சு, மாத்திட்டீங்க. தினமும் எனக்கு எதிர்ல உக்காந்துதானே சாப்பிட்டீங்க? என்னைப் பாத்துக்கிட்டேதானே சாப்பிட்டீங்க?"

"சொல்லணும்னுதான்..."

"இப்பக்கூட சொல்லறதுக்கு வரல நீங்க. மாத்தறதுக்கு வந்திருக்கீங்க."

அதுதான் உண்மை. அதைவிடச் சுருக்கமாகவும் சொல்ல முடியாது.

அக்காவும் தம்பியும் அதற்கப்புறம் அவரை விட்டுவிட்டு மற்றதைப் பேசினார்கள். பழுப்பு பிளக்கை இப்படியே, பாதி கழன்றபடியே வைத்துவிட வேண்டும். நாளைக்கு வருகிற ஆளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது அப்பா. அம்மாவிடம் மகள் சொல்லிக்கொள்வாள். மாப்பிள்ளையின் அக்கா சாயங்காலம் ஊரிலிருந்து வருகிறாள். அவளிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் இரண்டு பேரும் முடிவுக்கு வராமல் விட்டுவிட்டார்கள்.

அப்பா தரையிலேயே உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது தெரிந்தது. பழுதான சாமான் எதையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

போகும்போது மகள் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்கு வராதீங்கப்பா. நானா கூப்பிடற வரைக்கும்."

"கண்ணைத் திறந்தா சொல்லுவியாம்மா?"

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொன்னாள். "சாப்பிடுடா ட்ரிப்பு" என்றாள். தெருவில் இறங்கி நடந்தாள்.

மகன் மெயினை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டப் போனவன், சாவியைப் பாதி திருப்பியபடி நின்றான்.

"அப்பா. இந்த மாதிரி டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டு வேற யாருக்குக் கொடுத்திருக்கீங்க?"

அப்பா நிமிர்ந்தார்.

"போன வருஷம் நாலஞ்சு செட்டுக்கு நான் வெள்ளை பிளக்கு போட்டுக் கொடுத்தேன்ல. அதெல்லாம் எங்க இருக்கு? எந்த பிளக்கோட இருக்கு?"

அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கழற்றிய அந்த வெள்ளை பிளக்குகள் எல்லாம் பின்னறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் உட்கார்ந்த விதமே சொல்லிவிட்டது.

செட்டுகள் எங்கே என்று அப்பா எண்ணிச் சொன்னார். ஒன்று பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில். ஒன்று தங்கள் தெருமுனைத் தையற்காரி வீட்டில். மிஷின் பக்கத்திலேயே வைத்து நாள் முழுக்கக் கேட்கிறாள். ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தாடிக்காரருக்கு, இரண்டு வால்வுக்குப் பதிலாகக் கொடுத்தார். அந்த ஆள் பெயர் தெரியாது. இன்னொன்று இருக்கிறது. யாரிடம் என்று நினைவுக்கு வரவில்லை. டயல் கண்ணாடியின் நிறம் நினைவுக்கு வந்தது. வாங்கிப் போன கை நினைவுக்கு வரவில்லை.

"போன் போடுங்க" என்றான் மகன். "வண்டில ஏறிக்கிட்டே போடுங்க."

முன் சீட்டு இப்போது காலியாக இருந்தது. அப்பா பழக்கம் போலப் பின்னால் ஏறிப் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தார். மகன் வண்டியைக் கிளப்பினான். பல் ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். ரேடியோவைத் தொடாமல் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கிவிட்டோம், நன்றாகத்தானே பாடிக்கொண்டிருந்தது, என்ன விஷயம் என்று கேட்டார்கள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

தையற்காரியின் எண்ணுக்கு மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. தானாகவே நின்றது.

அவர்கள் தெருமுனை இன்னும் தூரம். மகன் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினான்.

"எடுத்தாங்களா?"

"இல்ல."

"திரும்பப் போடுங்க."

அப்பா திரும்பப் போட்டார். மணி போனது.